முடிக்கிற குண்டு

புருசெத், ஒஸ்லோ
3 ஒக்டோபர் 2005

கொறற்றிக்கு,

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக உனக்கு ரெலிபோன் எடுக்கிறேன். அடித்து அடித்து நின்றுவிடுகிறது. கரோலினாவுக்கு எடுத்தால், "அம்மா வேலையிலை நிக்கிறா பெரியப்பா" என்கிறாள். ஞாயிறு பூசை முடிந்த நேரத்தில் ஹம்மர்பெஸ்டில் எந்த மீன் கொம்பனி திறந்திருக்கிறது? பதினொரு வருசம் நானும் அங்கே நின்று மீன் வெட்டினவன். எனக்கே இந்தக் கதையா?

போன கிழமை அவளே வாய்விட்டாள். "அம்மா அந்த டிவிடியைப் பார்த்திட்டா."

ஆகவே விசயம் அந்த டிவிடியில் இருக்கிற பட்டிமன்றம். ஹிரோசிமாவில் குண்டு போட்டு அறுபது வருசம் என்று தமிழ்ச் சங்கத்துத் தலைவர் ஸ்ரீதரன் ஒரு தலைப்பு வைத்தார்: "போரை முடிக்க அணுகுண்டு போட்டது சரியா, தவறா?" வழக்கம்போல் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு விழுந்தது "சரி". விழுந்த பக்கத்துக்குப் பேசுவதுதான் பட்டிமன்றம். நான் என்ன, போய்க் குண்டு போட்டேனா?

மேடையில் ஆறு பேர். மற்ற ஐந்து பேரும் பட்டதாரிகள். நான் ஐந்தாம் வகுப்போடு புத்தகப் பையைக் கழற்றினவன். புருசெத் நூலகத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் நோர்வேஜியப் புத்தகங்கள் வாசித்தேன். அவர்கள் கணினியில் இருந்து அச்செடுத்து வந்து வாசித்தார்கள். நான் கையில் கடதாசி இல்லாமல் பேசினேன். சிறந்த பேச்சாளர் என்று ஒரு சுவர் மணிக்கூடு தந்தார்கள். உன் அக்கா உயிரோடு இருந்திருந்தால் முதல் வேலையாக உனக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லியிருப்பாள். நீ என்னடா என்றால் ரெலிபோனையே எடுக்கிறாயில்லை.

ஆனி மாதம் கரோலினாவுக்குக் கல்யாணம். பீடம் வரைக்கும் அவளைக் கைபிடித்துக் கூட்டிப் போவது நான்தான் என்று நீயே சொன்னாய். சகலனின் இடத்தில் நான் நிற்பேன் என்று அவனுடைய செத்தவீட்டில் சொன்ன ஆள் நான். கறுப்புக் கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டேன். அளவெடுத்தவன் தோள் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்றான். மீன் பெட்டி தூக்கின தோள் சரியாமல் என்ன செய்யும்.

என்ன கோபம் என்று எழுது. கோப்பி ஆறுகிறது.

யேசுரட்ணம்


ஹம்மர்பெஸ்ட்
20 ஒக்டோபர் 2005

அத்தானுக்கு,

நீங்கள் கேட்டபடியால் எழுதுகிறேன். வேலைக்குப் போய்வந்து எழுதுவதால் கையெழுத்து ஒழுங்காக இராது.

அந்த டிவிடி திராமன் நகரத்தில் இருந்து வந்தது. ஒரு சனிக்கிழமை மூன்று குடும்பம் என் வீட்டில் இருந்து பார்த்தோம். உங்கள் முகம் வந்ததும் எல்லோரையும் நான்தான் அடக்கினேன். "உஸ், பிள்ளையளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லுங்கோ, என்ரை அத்தான் பேசப் போறார்." அப்படிச் சொன்ன வாய் இது.

நீங்கள் பேசியதை எழுதி வைத்திருக்கிறேன். "என் சகலன் ஆனந்தராஜா பொம்மர் போட்ட குண்டில் செத்தவர். அந்தக் குண்டோடு எங்கள் சண்டை முடிந்திருந்தால் அந்தச் சாவை நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். முடிக்காத குண்டுதான் கொலை. முடிக்கிற குண்டு கொலையில்லை." சனம் கைதட்டியது. கமெரா உங்கள் முகத்தில் நின்றது. நீங்கள் தண்ணீர் குடித்தீர்கள். என் வீட்டில் இருந்த ஒரு மனிசி என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்கடை மனிசனையெல்லே சொல்லுறார்?" என்றா. ஓம் என்றேன். எழும்பிப் போய்க் குசினியில் நின்றேன்.

அந்த நாளைப் பற்றி நான் உங்களிடம் எப்போதாவது ஒரு சொல் கேட்டிருக்கிறேனா? நான் கரோலினாவைப் பல்லுக்குக் காட்ட யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போயிருந்தேன். இவர் காலில் பிளாஸ்ரரோடு கட்டிலில். அக்கா வந்து பார்த்துக்கொண்டா. எங்கள் வீட்டுப் பக்கம் பொம்மர் வரும் என்று கதை அடிபட, நீங்கள் சைக்கிளில் ஓடி வந்தீர்கள். சைக்கிளில் ஒருவரைத்தான் ஏற்றலாம். அக்காவை ஏற்றிக்கொண்டு போனீர்கள். திரும்பி வருவதற்கு முதல் பொம்மர் வந்துவிட்டது. இவ்வளவுதான் நீங்கள் எனக்குச் சொன்னது. பதினைந்து வருசமாக அதை அப்படியே வைத்திருக்கிறேன். அதை மேடைக்குக் கொண்டுபோகச் சொல்லி நான் உங்களிடம் தரவில்லை.

நீங்கள் திரும்ப மேடையில் ஏறி ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்கு ஒரு வரி எழுதுங்கள்: ஆனந்தராஜாவின் சாவு எதனாலும் சரியாகாது என்று. எழுதினால் வந்து பிள்ளையின் கையைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் அவளை நானே கூட்டிப் போவேன்.

கொறற்றி


புருசெத்
14 நவம்பர் 2005

கொறற்றிக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். நீ கேட்கிற வரியை எழுதுவது சுகம். எழுதிவிட்டுக் கல்யாணத்துக்கு வந்து சிரித்துக்கொண்டு நிற்கலாம். நம்பாததை எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை.

குண்டு சரியில்லை என்று சொல்கிறவர்கள் அது போடாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று சொல்வதில்லை. சண்டை இன்னும் ஒரு வருசம் இழுபட்டிருந்தால்? கரை கரையாக இறங்கிப் பிடித்திருந்தால்? ஜப்பான் பிடித்து வைத்திருந்த நாடுகளில் மாதாமாதம் செத்த சனத்தை யார் எண்ணினார்கள்? நான் குறிப்பெழுதின கொப்பியில் எல்லாம் இருக்கிறது. இழுபடுகிற சண்டை என்றால் என்ன என்று பட்டதாரிகளுக்கு விளங்காது. உனக்கு விளங்க வேண்டும்.

நீ இருக்கிற நாட்டின் கதை ஒன்று சொல்கிறேன். அந்த நாளில் அணுகுண்டு செய்ய ஜேர்மன்காரருக்குக் கனநீர் என்று ஒரு சாமான் தேவைப்பட்டது. அது நோர்வேயில் ஒரு மலைச்சரிவில் இருந்த தொழிற்சாலையில் வடிந்தது. 1944ஆம் ஆண்டு அதைப் பீப்பாய்களில் அடைத்து, தின் ஏரியில் ஓடுகிற பயணிகள் படகில் ஏற்றினார்கள். நோர்வேக்காரர் மூன்று நாலு பேர் அந்தப் படகின் அடியில் வெடி வைத்தார்கள். ஏறப்போவது தங்கள் ஊர்ச் சனம் என்று தெரியும். எச்சரித்தால் வெளியில் தெரிந்துவிடும். பேசாமல் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலமை படகு வெடித்து ஏரிக்குள் தாண்டது. பதினெட்டுப் பேர் செத்தார்கள். அந்த மனிதரை இந்த நாடு இன்றைக்கும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது.

அதில் ஒருவனின் தாய் அதே படகில் போக இருந்தாளாம். மகன் தாயின் சாப்பாட்டில் பேதி மருந்தைக் கலந்துவிட்டான். அவளால் வெளிக்கிட முடியவில்லை. தப்பிவிட்டாள். வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மனிதர் இப்படித்தான் எண்ணிப் பார்த்து ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுக்கிறார்கள். அவர்களைக் கொலைகாரர் என்று நீ சொல்வாயா?

கோட்டு தைத்து வந்துவிட்டது. தோள் சரிவு தெரியவில்லை.

யேசுரட்ணம்


ஹம்மர்பெஸ்ட்
8 டிசம்பர் 2005

அத்தானுக்கு,

இங்கே இரண்டு கிழமையாக வெயில் இல்லை. இனித் தை மாதம்தான். நீங்கள் இருந்த காலத்திலேயே உங்களுக்கு இது பிடிக்காது.

உங்கள் ஏரிக் கதையை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்னோடு வேலை செய்கிற நோர்வேஜிய மனிசியிடம் கேட்டேன். அவவுக்கும் தெரியும், பள்ளிக்கூடத்தில் படித்ததாம். வெடி வைத்தவர்களின் பெயரைச் சொன்னா. செத்தவர்களில் ஒருவரின் பெயரைக் கேட்டேன். தெரியாது என்றா. எனக்கு அவவில் கோபமில்லை. அவ வேறு ஊர்.

தன் தாயை மறித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. மற்றவர்களின் தாய்மாரை யார் மறித்தது? அவன் எண்ணிப் பார்த்தான் என்கிறீர்கள். எண்ணிப் பார்த்தவன் தன் தாயை எண்ணிக்கையில் இருந்து கழற்றிப்போட்டு எல்லோ எண்ணியிருக்கிறான். நீங்கள் எல்லாரும் அப்படித்தான். உங்கள் ஆள் ஏறாத படகைத்தான் தாழ்க்கலாம் என்பீர்கள்.

எங்கள் சுவாமியார் சொன்னார், நாகசாகியில் குண்டு விழுந்த நேரம் மாதா திருநாளுக்கு ஆயத்தமாகச் சனம் கோயிலுக்குள் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு நின்றதாம். வரிசையில் கடைசியாக நின்ற ஆளைப் பற்றித்தான் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். தன் முறை வர எவ்வளவு நேரம் காத்திருந்ததோ.

வரி வரவில்லை. நீங்களும் வர வேண்டாம்.

கொறற்றி


புருசெத்
19 யூன் 2006

கொறற்றிக்கு,

கல்யாணப் படங்களைக் கரோலினா அனுப்பியிருந்தாள். நீ நீலச் சீலையோடு அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வருகிறாய். இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறீர்கள். ஒருவர் என்றாலும் நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

சனிக்கிழமை அந்த நேரத்துக்கு நான் கோட்டைப் போட்டுக்கொண்டு ரயில் எடுத்து நகரத்துக்குப் போய்க் கோயிலில் இருந்தேன். பூசை ஒன்றும் இல்லை. ஒரு ஆள் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு வந்தீர்களா, அது அடுத்த கிழமையாக்கும் என்றார். ஓம், திகதி பிழைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஊரில் சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது. சமாதானம் பேச நோர்வேக்காரர் போய்வந்ததெல்லாம் அவ்வளவுதான் போல. சங்கத்தில் இனிப் பட்டிமன்றம் இல்லை என்கிறார்கள். எனக்கும் களைத்துவிட்டது.

உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. பதில் போட வேண்டிய கடிதம் இல்லை இது.

யேசுரட்ணம்


புருசெத்
24 மே 2009

கொறற்றிக்கு,

மூன்று வருசம். நீ உயிரோடு இருப்பது மார்கழியில் வரும் கரோலினாவின் நத்தார் வாழ்த்துக் கடதாசியில் தெரியும். நான் இருப்பதும் உனக்கு அப்படித்தான் தெரியும்.

சித்திரை முழுக்கப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றோம். முழங்கால் வலியோடு நான் ஒரு மடக்குக் கதிரை கொண்டு போனேன். அந்தப் பட்டிமன்றத்தில் பேசின ரவீந்திரன்தான் தூக்கிக்கொண்டு வருவான். நின்று என்ன. இந்த மாதம் பதினேழாம் திகதி நோர்வேக்காரரின் பெருநாள். புருசெத்துப் பிள்ளைகள் கொடிகளோடு வாத்தியம் அடித்துக்கொண்டு என் ஜன்னலுக்குக் கீழால் போனார்கள். எங்கள் பிள்ளைகளும் அதில் போனார்கள். போகாமல் என்ன செய்யும். ரெலிபோனில் ஒருவன், "அங்கை எல்லாம் முடியப் போகுது அண்ணை" என்றான். அடுத்த நாள் சண்டை முடிந்தது என்று சொன்னார்கள். எத்தனை சனம் செத்தது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள்.

புதன்கிழமை லிப்டுக்குள் மேல்வீட்டு நோர்வேஜியக் கிழவி நின்றா. நல்ல மனிசி. உன் அக்கா செத்தபோது கேக் செய்து கொண்டுவந்தவ. என் சட்டைக் கையைத் தொட்டு, "செய்தியில் பார்த்தேன். பாவம் உங்கள் சனம். என்றாலும் முடிந்துவிட்டதே, அது நல்லது" என்றா.

எனக்குக் கோபம் வரவில்லை. என் வசனத்தைத்தான் அவ சொன்னா. நான் கைதட்டு வாங்கின வசனம். அவவுக்கு யாரும் கைதட்டவில்லை. நாலாம் மாடியில் இறங்க வேண்டிய நான் அவவோடு எட்டாம் மாடிக்குப் போய்த் திரும்பி வந்தேன்.

இனி எழுதப்போவதை நான் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை.

ஒன்று, சீட்டு. எனக்கு விழுந்தது "தவறு". ரவீந்திரனுக்குத்தான் "சரி" விழுந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. "அண்ணை, மாத்துவமே?" என்றான். அவன் வாய் மூடுவதற்கு முதல் நான் மாற்றிவிட்டேன். "தவறு" பக்கத்தில் நின்றால், ஒவ்வொரு சாவுக்கும் ஒரு ஆள் பொறுப்பு என்று பேச வேண்டும். அந்தப் பக்கத்தில் நின்று பேச எனக்கு வாய் வராது. ஏன் வராது என்பதுதான் மற்றது.

ஆனந்தராஜா செத்த அன்று உன் அக்காவை எங்கள் வீட்டு வாசல் படலையில் இறக்கினேன். ஒன்றரை மைல் மிதித்து வந்த வேர்வை. அவள் கேட்டாள், "ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்." நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்குப் பலகையில் இருந்தேன். நல்ல சூடு. ஆற்றி ஆற்றிக் குடித்தேன். பக்கத்து வீட்டு மனிதர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பொம்மர் இண்டைக்கு வராது, சும்மா கதை" என்றார். அவரோடு கதைத்துக்கொண்டு குடித்தேன். கோப்பையில் கால்வாசி இருக்கும்போது சத்தம் கேட்டது.

சைக்கிளில் ஒருவரைத்தான் ஏற்றலாம் என்பது உண்மை. அதை உனக்குச் சொன்னேன். திரும்பிப் போக நேரம் இருந்தது என்பதும் உண்மை. அதைச் சொல்லவில்லை. நான் அக்காவை ஏற்றும்போது அவன் கட்டிலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "ஆறுதலா வாங்கோ, நான் எங்கை ஓடப்போறன்" என்று பகிடி விட்டான்.

அந்தச் சாவு எதையாவது முடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன். அதற்குத்தான் அத்தனை புத்தகம். நீ படகையும் தாயையும் பற்றி எழுதியபோது உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று பயந்துவிட்டேன். அதுதான் பதில் எழுதாமல் விட்டது. பிடிவாதம் என்று நீ நினைத்திருப்பாய். பிடிவாதம் என்றால் பரவாயில்லை.

அறுபது வருசத்துக்கு முதல் ஜப்பானில் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. கொப்பியை எடுத்துப் பார்த்தேன். தொகைகள் எல்லாம் சரி. ஆனால் தெரியும் என்று ஒரு மண்டபத்துக்குச் சொன்னவன் நான்.

ஆனந்தராஜாவின் சாவு எதனாலும் சரியாகாது. நீ கேட்ட வரி. பிந்திவிட்டது.

யேசுரட்ணம்


ஹம்மர்பெஸ்ட்
7 யூன் 2009

அத்தானுக்கு,

கடிதம் வந்து ஒரு கிழமை. மேசையில் கிடக்கிறது. இப்போது இங்கே இருட்டே இல்லை. திரையை இழுத்துவிட்டாலும் நித்திரை வரவில்லை.

தேத்தண்ணிக் கதை எனக்குத் தெரியும். ஆறு வருசமாகத் தெரியும். அக்கா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொன்னா. "அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டுதான் நிண்டவர் கொறற்றி. நான்தான் கோப்பையைக் கையிலை குடுத்து இருத்தினனான்." அதைச் சொல்லிச் சொல்லி அழுதா. நீங்கள் வேறு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பேரும் தங்கள் தங்கள் தலையில் போடுகிறீர்கள். எது சரி என்று எனக்குத் தெரியாது. இனிக் கேட்க அவவும் இல்லை.

நோர்வே வந்த நாளில் இருந்து என் வீட்டில் நீங்கள் கோப்பி மட்டும்தான் கேட்பீர்கள். "அத்தான் நோர்வேக்காரன் ஆகிட்டார்" என்று நாங்கள் சிரிப்போம். அக்கா சொன்னதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. நீங்களாகச் சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒஸ்லோவில் இருந்து ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் எடுப்பீர்கள். இண்டைக்குச் சொல்வார், இண்டைக்குச் சொல்வார் என்று இருப்பேன். கடைசியில் டிவிடிதான் வந்தது. எனக்குச் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு அவருடைய பெயரைக் கொண்டுபோய் மண்டபத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டீர்கள். என் கோபம் அணுகுண்டில் இல்லை, அத்தான். எனக்கு அணுகுண்டைப் பற்றி என்ன தெரியும்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். பதினெட்டாம் திகதி வேலையிடத்தில் செய்தி சொன்னார்கள். உடுப்பு மாற்றுகிற அறைக்குள் போய், பூட்ஸோடு அப்படியே முழந்தாளில் விழுந்தேன். என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "முடிஞ்சுதே ஆண்டவரே, நன்றி." செத்த சனத்துக்கு ஒரு அருள்நிறை மந்திரம்கூட முதலில் வரவில்லை. நன்றிதான் வந்தது. எழும்பிக் கையைக் கழுவும்போதுதான் நான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. சண்டை முடிந்தால் போதும் என்று நானும் அவ்வளவு களைத்துப் போயிருந்திருக்கிறேன். நீங்கள் "சரி" பக்கத்தை விட்டு வந்த நேரத்தில் நான் போய் அதில் இருந்துவிட்டேன். யாரிடம் சொல்வது இதை.

மன்னிப்பு என்று நான் எழுதவில்லை. அந்தச் சொல்லை எழுத இப்போது என்னில் பலம் இல்லை. நீங்களும் கேட்கவில்லை, அது நல்லது.

கரோலினாவின் மகனுக்கு ஆடி மாதம் பன்னிரண்டாம் திகதி ஞானஸ்நானம். இங்கேதான். பிள்ளையைக் கோயிலுக்குள் தூக்கிக்கொண்டு போக வீட்டில் ஒரு மூத்த ஆம்பிளை வேண்டும் என்கிறாள். ஆளைச் சொல்லவில்லை. எனக்கு விளங்கியது. கோட்டைப் பூச்சி அரித்திராவிட்டால் கொண்டு வாருங்கள். பிளேனில் வாருங்கள். பஸ்ஸில் வந்து முழங்காலைப் பழுதாக்கிக்கொண்டு பிள்ளையைத் தூக்க முடியாமல் நிற்க வேண்டாம். சாப்பாட்டு மேசையில் யாராவது பேசச் சொன்னால் தொண்டை சரியில்லை என்று சொல்லுங்கள்.

வந்து இறங்கினதும் முதல் தேத்தண்ணி. வீட்டில் கோப்பி வாங்கி வைக்க மாட்டேன். இருந்து, ஆற்றி, முழுக்கக் குடிக்க வேண்டும். இப்போது உங்கள் வரவைப் பார்த்துக்கொண்டு ஒருவரும் கட்டிலில் படுத்திருக்கவில்லை.

கொறற்றி